சகலையின் தலை அளவு

அண்ணியின் போன் வந்தபோது நான் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தியபடி தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக்காகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பெட்டிக்குள் நின்ற நேரத்தைவிட அதன் தலைமேல் உட்கார்ந்த நேரம்தான் அதிகம். அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவர் இல்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"தம்பி, உங்க சகலை தொப்பிங்களை எல்லாம் விக்கப் போறாரு. வெள்ளிக்கிழமை ஆள் வருது."

எத்தனை என்று கேட்டேன். எல்லாம் என்றார். எல்லாம் என்றால் நாற்பத்து மூன்று. தொப்பியோடு நிற்கவில்லையாம். தன் மூக்குக்கண்ணாடிக் கடையையும் பக்கத்து மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூடக் கீழே இறங்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்த ஏழு மணி நேரமும் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்த அண்ணிக்கு இப்போது குரல் உடைந்தது. "கடையையும் மூடிட்டு, தொப்பியையும் குடுத்துட்டு, அப்புறம் சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாரா? ஒரு தடவை அந்த ஆறு மாடி இறங்கிட்டாருன்னா போதும் தம்பி. கடை வரைக்கும் காலு தானா போயிடும்." அந்தத் தொப்பிகளை அண்ணி அளவுக்கு வெறுத்தவர் உலகத்தில் யாரும் கிடையாது. அவரே அவற்றுக்காக அழுகிறார் என்றால் விஷயம் கைமீறிப் போய்விட்டது என்று அர்த்தம்.

நானும் சகலையும் சேகரிப்பது பழைய பவுலர் தொப்பிகள். கறுப்பாக, உருண்டையாக, கவிழ்த்த சட்டி மாதிரி இருக்கும். விளிம்பு இரண்டு பக்கமும் லேசாகச் சுருண்டு மேலே ஏறும். முயல் ரோமத்தை அடித்துத் துணியாக்கி, அரக்கில் ஊறவைத்து இறுக்கிய தொப்பி. விரலால் தட்டினால் மரக்கதவு போலச் சத்தம் கொடுக்கும். பதினாலு வருடம் முன்பு அக்காளும் தங்கையும் ஒரு துணிக்கடைக்குள் போனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். பேச எதுவும் இல்லாத இரண்டு சகலைகள் மூன்று மணி நேரம் என்னதான் செய்வது? எதிரே பழைய சாமான் சந்தை. அங்கே ஒரு பெட்டியில் இரண்டு பவுலர் தொப்பிகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தன. ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பெண்கள் துணிக்கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து என் மனைவி அதைச் சொல்லிக் காட்டாத வருடம் இல்லை.

ஆனால் எங்கள் வழி வேறு வேறு. நான் போட்டுப் பார்க்கிற ஆள். என்னிடம் இருக்கும் இருபத்தாறில் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு காய்கறி வாங்கவே போயிருக்கிறேன். சகலைக்கு அது கொலைக்குச் சமம். அவருடைய நாற்பத்து மூன்றும் கண்ணாடி அலமாரியில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டோடு உட்கார்ந்திருக்கும்: செய்த காலம், உள்தோலில் அச்சிட்ட எழுத்துகள், எந்த இடத்தில் பூச்சி அரித்தது, எல்லாம் பொடி எழுத்தில். தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். தொப்பியின் உருண்டையான மேல்பாகத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. விளிம்பை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். சொந்த மகளே ஐந்து வயதில் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டதற்கு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் அவர். மாதம் என்பது என் மனைவியின் கணக்கு. அவர் இரண்டு நாள் என்பார்.

சகலையின் மண்டைக்குள்ளிருந்து எடுத்த கட்டி கெட்ட ஜாதி இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வெட்டியெடுத்த மண்டை எலும்புக்குப் பதிலாக ஒரு தகடு வைத்து மூடினார்கள். தகட்டின் ஓரம், காதுக்கு நேர் மேலே, பாதிப் பாக்கு அளவுக்கு மேடாக நின்றுவிட்டது. அந்தப் பக்கம் முடி இன்னும் சரியாக வளரவில்லை. காயம் ஆறிவிட்டது, தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணி ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கி வந்தார். சகலை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் தேநீர்க் கெட்டிலுக்குப் போட்டு மூடினார். பிறகு ஒரு நாள், யாரும் இல்லாத நேரம், தன் சட்டத்தைத் தானே மீறி அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். மரம் போன்ற விளிம்பு சரியாக அந்த மேட்டில் வந்து இடித்திருக்கிறது. நாற்பத்து மூன்றும் இடித்திருக்கின்றன. அதற்கு மறுநாள்தான் வியாபாரிக்குப் போன் செய்தாராம்.

அன்று மாலையே போனேன். சகலை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைக்கு வந்தது. மகளை விட்டுப் பார்க்கச் சொல்லலாமே, ஒரு ஆளைப் போடலாமே என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"என் வேலை என்னன்னு தெரியும்ல சகலை? ஆளு மூஞ்சிக்கு முன்னால ஆறு அங்குலத்துல நிக்கிறது. நான் அவங்க கண்ணைப் பார்ப்பேன். அவங்க எதைப் பார்ப்பாங்க?"

உண்மையைச் சொன்னால், நானே அவர் கழுத்துப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக அப்படித்தான். மனைவியும் அப்படித்தான், அண்ணியும் அப்படித்தான். மரியாதை என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் அந்த மனிதரின் தலையை வீட்டைவிட்டே விரட்டியிருந்தோம்.

அப்போதுதான் அலமாரிக்கு மேலே அந்தக் கருவி கண்ணில் பட்டது. பழைய தட்டச்சுப் பொறியைக் கிரீடமாக வளைத்த மாதிரி ஒரு சாமான். தலையில் கவிழ்த்தால் சுற்றிலும் இருக்கிற மரக்கட்டைகள் உள்ளே வந்து தலையை அணைத்துக்கொள்ளும். மேலே வைத்த சிறிய அட்டையில் ஊசிகள் தலையின் வடிவத்தைக் குத்திக் காட்டும். அந்தக் காலத்துத் தொப்பிக்கடைகளில் இதை வைத்துத்தான் அளவெடுப்பார்களாம். ஒவ்வொரு வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ஒருவர் தலையை மற்றவர் அளப்பது வழக்கம். எதற்கு என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது. என் அட்டை வருடா வருடம் முந்திரிக்கொட்டை மாதிரி வரும். அவருடையது சுத்தமான நீள்வட்டம், முன்னும் பின்னும் ஒரே மாதிரி. "ஊர்லயே ஒழுங்கான தலை" என்று தானே சொல்லிக்கொள்வார்.

"இந்த வருஷ அட்டை பாக்கி இருக்குண்ணே" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் சேகரிக்கிறவனுக்கு ஒரு வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அது சொறி மாதிரி. "எடு" என்றார்.

எதிரே நின்று கருவியைக் கவிழ்த்தேன். கட்டைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து தலையில் உட்கார்ந்தன. ஒன்று மட்டும் நகராமல் வெளியே தள்ளி நின்றது. மேல்மூடியை அழுத்தி, அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்த நீள்வட்டத்தின் ஓர் ஓரத்தில், இலையில் புழு ஏறி உட்கார்ந்த மாதிரி, ஒரு சின்னப் புடைப்பு. சகலை சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியில் முகம் பார்ப்பதை நிறுத்தியிருந்த மனிதர் தன் தலையை முதன்முதலாக ஊசித் துளைகளில் பார்க்கிறார் என்று எனக்கு உறைத்தது.

"இவ்ளோதானா?" என்றார்.

பிறகு அட்டையை என்னிடம் நீட்டி, "கொண்டு போயிடு. எனக்கு வேணாம்" என்றார். நான் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் நான் அழுதிருப்பேன். வழக்கமாக அட்டை கையில் வந்ததும் சகலை சிவப்புப் பென்சிலால் ஒரு முனையில் 'மு' என்று எழுதுவார், முன்பக்கம். அன்று அவர் எழுதவில்லை. எழுதவில்லை என்பதை நான் கவனிக்கவும் இல்லை.

என் வீட்டில் ஒரு தொப்பி இருக்கிறது. கறுப்பு இல்லை, அடர்ந்த காப்பிப்பொடி நிறம். இடிக்கப்போகிற ஒரு பழைய வங்கிக் கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில், தோல் பெட்டியோடு, எனக்குக் கிடைத்தது. உள்பக்கத்துப் பட்டு கிழியவில்லை. அளவு ஏழேகால், சகலையின் அளவு. அதற்காக அவர் தன் அலமாரியிலிருந்து ஐந்து தொப்பிகளைத் தருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மறுக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சகலையை ஒரே ஒரு விஷயத்தில் ஜெயிக்கிற சுகம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அதைச் சமையலறைக்கு எடுத்து வந்தேன். வேலை இதுதான். ஊசி அட்டை சிறியது. அதைச் சுற்றி ஒரே சீராக இரண்டு விரல் அகலம் கூட்டி வரைந்தால் தலையின் உண்மை அளவு வரும். அதை ஒட்டுப்பலகையில் வெட்டிக்கொண்டு, தொப்பியின் வாயை ஆவியில் காட்டி அரக்கு இளகியதும் பலகையை உள்ளே அழுத்த வேண்டும். ஆறினால் தொப்பி அந்தத் தலையின் வடிவத்தில் நின்றுவிடும். கேட்க எளிது. நூறு வருட அரக்குக்கு ஒரே ஒரு முறை இளகுகிற பொறுமைதான் இருக்கும். சூடு கூடினால் வெடிப்பு விடும், குறைந்தால் வளையாது. பழைய தொப்பியை ஆவியில் காட்டுகிறவனைச் சேகரிப்பாளன் என்றே சொல்லக் கூடாது என்பது சகலையின் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அதே கட்சிதான்.

என் மனைவி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இதை நான் துடைக்கத் தொட்டதுக்கே அன்னிக்குச் சாமியாடினீங்க."

"ஆமா."

"இப்ப கெட்டில்ல காட்டறீங்க."

"ஆமா."

அவள் கெட்டிலில் இன்னொரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். அட்டையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்ததால் மேடு எந்தப் பக்கம் என்று யோசித்தேன். சகலையை மனதில் எதிரே உட்கார வைத்துப் பார்த்தேன். என் வலது கைப் பக்கம். பலகையில் வலது பக்கம் புடைப்பு வருகிற மாதிரி திருப்பிக்கொண்டேன். சமையலறை முழுக்கக் கம்பளியும் அரக்கும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. ஈரமான நாய் மெழுகுவத்தியைத் தின்ற மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. விளிம்பு விரலுக்கு மெல்ல இணங்கியது. பலகையை அழுத்தினேன். எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் மூச்சை நிறுத்தினோம். தொப்பி இல்லை, கெட்டிலின் மூடி.

வியாழக்கிழமை காலை தோல் பெட்டியோடு போய் நின்றேன். அண்ணி என் கையைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார். சகலை பெட்டியைத் திறந்தார். எந்தத் தொப்பி என்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. விளிம்பை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். உள்ளே விரல் விட்டு ஒரு சுற்றுத் தடவியவர் ஓர் இடத்தில் நின்றார். அந்தப் புடைப்பு.

"ஆவி காட்டினியா?"

தலையசைத்தேன்.

"இதுக்கா?"

மறுபடி தலையசைத்தேன். அவர் அதைத் தலையில் வைத்தார். வைத்த கணமே முகம் சுளித்துக் கை இடப்பக்கம் போனது. கழற்றிவிட்டார். பலகை சரியாக இருந்தது, ஆவி சரியாக இருந்தது, ஒரு வெடிப்பு இல்லை, பிறகு என்ன? அண்ணி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிச்சுக்கோங்கண்ணே என்று நான் ஆரம்பிக்கும்போது சகலை, அட்டை எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். இரண்டு முனையையும் பார்த்தார். தொப்பிக்குள் பார்த்தார். அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பயந்து அண்ணி ஓடி வந்தார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாலு மாதத்தில் முதல் சிரிப்பு. பழக்கம் விட்டுப்போய் இருமல் மாதிரி வந்தது.

"என் தலையைத் திருப்பி வெச்சுட்டியே சகலை. மேடு எந்தப் பக்கம் இருக்கு?"

"வலது…" என்றேன்.

"யாருக்கு வலது? எதிர்ல நிக்கிற ஆளோட இடது நமக்கு வலதுடா. கடையில முதல் நாளே சொல்லிக் குடுப்பேன் இதை. மேட்டை ஒரு தடவை நேராப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அப்போதுதான் நான் பார்த்தேன். நேராக, வெளிச்சத்தில். அவருடைய இடது காதுக்கு மேலே, பாதிப் பாக்கு. அதைச் சுற்றிப் புது முடி, குழந்தைக்கு வளர்கிற மாதிரி மெல்லியதாக. அவர் தலையைத் திருப்பாமல், நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணியும் பார்த்தார்.

வீட்டுக்குப் போய் மறுபடி ஆவியில் காட்டித் திருத்திவிடுகிறேன் என்றேன். கூடாது என்றார், இரண்டாவது சூட்டுக்கு இது தாங்காது, விளிம்போடு விண்டுவிடும். அது எனக்கும் தெரியும். மூன்று பேரும் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சகலை அதை மெதுவாக, முன்பக்கம் பின்னால் போகிற மாதிரி, அரைச்சுற்று திருப்பித் தலையில் வைத்தார்.

அது உட்கார்ந்தது. சாவி பூட்டுக்குள் போகிற மாதிரி உட்கார்ந்தது.

ஆனால் ஒரு சங்கடம். பவுலர் தொப்பிக்கு முன்னும் பின்னும் பார்வைக்கு அதிக வித்தியாசம் கிடையாது; சுற்றிக் கட்டிய ரிப்பனின் முடிச்சு ஒன்றுதான் அடையாளம். ஆண்களின் தொப்பியில் அது இடப்பக்கம்தான் வர வேண்டும். ஒரு நாடகத்தில் கதாநாயகன் முடிச்சை வலப்பக்கம் வைத்துக்கொண்டு உருக்கமாகச் செத்துப்போனான்; அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, சகலை மேடைக்குப் பின்னால் போய் அந்தப் பிணத்துக்கு முடிச்சைப் பற்றி எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். அப்படிப்பட்டவரின் வலது காதுக்கு மேலே இப்போது முடிச்சு உட்கார்ந்திருந்தது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு முறை தொட்டுக் கையை எடுத்தார். மறுபடி தொட்டார்.

"தப்பா இருக்கு" என்றார்.

"யாருக்குங்க தெரியப் போகுது?" என்றார் அண்ணி.

"எனக்குத் தெரியுமே."

"வலிக்குதா?"

அவர் யோசித்தார். "வலிக்கலை."

"அப்ப செருப்பைப் போடுங்க."

நான் கதவைத் திறந்துகொண்டு முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை; பார்த்தால் நின்றுவிடுவார் என்று பயம். பின்னால் செருப்புச் சத்தம் வாசற்படியில் தயங்கியது. பிறகு தாண்டியது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் என் கையால் பராமரிக்கிற லிஃப்ட். அன்றைக்குப் பார்த்து ஆறாவது மாடிக்கு வருவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. உள்ளே பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் அவசரமாக நுழைந்து அதை மறைத்தாற்போல நின்றுகொண்டேன்.

"நகரு" என்றார் சகலை.

நகர்ந்தேன். கதவு மூடியது. அவர் நிமிர்ந்து நின்று எதிரே இருக்கிற ஆளை மேலும் கீழும் பார்த்தார். கடைக்கு வருகிறவரின் மூக்கில் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் பார்க்கிற அதே பார்வை. ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அந்த ஆளுக்கு முடிச்சு சரியான பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

வெள்ளிக்கிழமை வரப்போகிற வியாபாரியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது காலை வெயில் தெருவின் பாதியில் விழுந்திருந்தது. சகலை சுவரோரமாகவே நடந்தார். சைக்கிள் மணிக்கெல்லாம் திடுக்கிட்டார். கடைத்தெருவின் முனையில் இன்னும் திறக்காத அவருடைய கடை தெரிந்தது. இரும்புக் கதவின்மேல் யாரோ ஒரு விளம்பரத்தாளை ஒட்டியிருந்தார்கள். "எவன்டா அது" என்று முணுமுணுத்து நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

நூலகத்து அம்மா எதிரே வந்துகொண்டிருந்தார். கடை திறந்த வருடத்திலிருந்து சகலையிடமே கண்ணாடி போடுகிறவர். இப்போது அவருடைய கண்ணாடியின் ஒரு காதுக்கம்பியில் ஒட்டுப்பட்டை சுற்றியிருந்தது. நாலு மாதமாக வேறு கடைக்குப் போகாமல் காத்திருந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று தெரியாத முகத்தோடு நின்றார்.

சகலையும் நின்றார். அவர் திரும்பி நடந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவருடைய வலது கை மேலே போனது. காற்றுக்குத் தொப்பியை அழுத்திக்கொள்கிறார் போல என்று பார்த்தேன், காற்றே இல்லை. அந்தத் தொப்பிகளைப் போட்டு நடந்தவர்கள் தெரிந்த பெண்ணை வழியில் கண்டால் மரியாதைக்குத் தொப்பியைத் தூக்கி வணங்குவார்கள்; அதைச் செய்ய அந்தக் கை போய்க்கொண்டிருந்தது. விரல்கள் விளிம்பைப் பிடித்தன. தொப்பி தலையை விட்டு ஒரு விரல் அளவு எழும்பியது. இன்னும் கொஞ்சம் எழும்பியது. காப்பிப்பொடி நிற விளிம்புக்கும் அந்த இளம் முடிக்கும் நடுவே வெயில் புகுந்தது.